ஜட்ஜ் ஹார்டி வீட்டுக் கூடம்: வாசகர் கேள்வி–பதில்

போன மாதம் ஒரு வாசகி, "மனசு சரியில்லாத நாளில் என்ன படம் பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹாலிவுட்டில் வந்த குடும்ப நகைச்சுவைப் படங்கள் என்று நாலு வரி எழுதினேன். ஒரு சின்ன ஊர், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள், அப்பா, அம்மா, மேலே ஏறிப்போகும் மரப்படி, வாசலில் ஒரு தாழ்வாரம். அவ்வளவுதான் கதை என்று சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க அதே பேச்சுதான். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு 1940களின் அமெரிக்கப் படங்களை எப்படிப் பார்த்தீர்கள்? அவை இங்கே எந்தத் தியேட்டரில் ஓடின?
— லாஸ்பேட்டை வாசகர்

தியேட்டரில் இல்லை, கேபிளில். எனக்குப் பிறந்த வீடு கடலூர் மஞ்சக்குப்பம், புகுந்த வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. பகலெல்லாம் கார்ட்டூன் நெட்வொர்க். ராத்திரியானால் அதே சேனல் டி.என்.டி. ஆகிவிடும். அதுவரை பூனையும் எலியும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் எம்.ஜி.எம். சிங்கம் வந்து கர்ஜிக்கும், கறுப்பு வெள்ளைப் படம் ஆரம்பிக்கும். என் மகன் அதோடு அழுதுகொண்டே படுக்கப் போவான். நான் அடுப்படி வேலையை முடித்துவிட்டு, திருத்த வேண்டிய நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். பக்கத்தில் மாமியார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. பிரெஞ்சில் நாலைந்து வார்த்தை தெரியும். படத்தில் சப்டைட்டில் கிடையாது. "என்னம்மா சொல்றான் அந்தப் பையன்?" என்பார், நான் தமிழில் சொல்வேன். நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் படம் 'லவ் ஃபைண்ட்ஸ் ஆண்டி ஹார்டி'. 1938இல் வந்தது, போருக்கு முந்தியது என்றாலும் போர்க்காலப் படங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் வாய்ப்பாடு. ஆண்டி என்ற பையனுக்கு ஒரு பழைய காரின் மேல் ஆசை. விலை 20 டாலர். 12 டாலர் கட்டிவிட்டான், மீதி 8 டாலருக்கு வழியில்லை. ஊருக்குப் போகும் நண்பன் ஒருவன், தான் இல்லாத நாட்களில் தன் பெண்தோழியை வேறு யாரும் கூட்டிப் போகாமல் நீ பார்த்துக்கொள், பணம் தருகிறேன் என்கிறான். அங்கிருந்து சிக்கல் ஆரம்பம்.

அத்தையைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சிக்கல் இல்லை. அதே படத்தில் ஆண்டியின் அம்மா, நோயாகக் கிடக்கும் தன் தாயைப் பார்க்கக் கனடாவுக்குப் போய்விடுகிறாள். எப்படி இருக்கிறாள் என்று செய்தி இல்லை. ஆண்டி தன் அப்பா ஜட்ஜ் ஹார்டியை ஒரு சின்னப் பையன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறான். அந்தப் பையன் வீட்டில் சொந்தமாக ரேடியோ வைத்துச் செய்தி அனுப்புகிறவன். இவ்வளவு பெரிய நீதிபதி, தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தச் சிறுவன் பக்கத்தில் நின்று பதிலுக்குக் காத்திருக்கிறார். அத்தை அதுவரை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். பதில் வரும்வரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஊரெல்லாம் போர் நடக்கும்போது பையன் காதலிப்பதையும் பெண் பார்ட்டி வைப்பதையும் படமெடுத்துக்கொண்டிருக்க அரசாங்கம் எப்படி விட்டது?
— நெல்லித்தோப்பு, கல்லூரி மாணவர்

விட்டது மட்டுமா, விரும்பியது. 1942 ஜூனில் அமெரிக்க அரசு போர்ச் செய்திகளுக்கென்று ஓர் அலுவலகம் திறந்தது. அதில் சினிமாவுக்குத் தனிப்பிரிவு. ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொரு கதையையும் பார்த்துத் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வியை அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்: இந்தப் படம் போரில் ஜெயிக்க உதவுமா? பீரங்கி காட்டினால்தான் உதவும் என்று அவர்கள் நினைக்கவில்லை. எதைக் காப்பாற்றப் பையன்கள் போகிறார்களோ அந்த வீட்டைக் காட்டுவதும் உதவிதான். சாப்பாட்டு மேசை, பக்கத்து வீட்டுப் பெண், சர்க்கரை குறைந்துவிட்டது என்று முகம் சுளிக்காத அம்மா, எல்லாமே அந்தக் கணக்கில் சேர்ந்தன.

ஆண்டி ஹார்டி படங்கள் 1937இலேயே தொடங்கிவிட்டன. கார்வெல் என்ற கற்பனை ஊர். அப்பா ஜட்ஜ் ஹார்டியாக லூயிஸ் ஸ்டோன் (முதல் படத்தில் மட்டும் லயனல் பேரிமோர்), அம்மாவாக ஃபே ஹோல்டன் (முதல் படத்தில் ஸ்பிரிங் பையிங்டன்), ஆண்டியாக மிக்கி ரூனி. 1939, 40, 41 மூன்று வருடமும் அமெரிக்கத் தியேட்டர்களில் வசூலில் முதலிடம் இந்தக் குட்டையான பையனுக்குத்தான். 1942க்கான ஆஸ்கர் விருதுகளில், அமெரிக்க வாழ்க்கை முறையை இந்த வரிசைப் படங்களில் காட்டியதற்காக எம்.ஜி.எம். நிறுவனத்துக்குச் சிறப்பு விருதே கொடுத்தார்கள்.

இன்னொரு காரணம் பலகை, ஆணி சம்பந்தப்பட்டது. 1942இல் ஒரு படத்தின் செட்டுக்குப் புதிதாக வாங்கும் பொருள் 5,000 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. அரண்மனை கட்ட முடியாது. ஏற்கெனவே நிற்கும் வீடும் தெருவும் போதும் என்கிற கதைக்கு மரியாதை கூடியது.

அரசாங்கம் விரும்பியதால் இந்தப் படங்கள் வெறும் பிரச்சாரம் ஆகிவிட்டனவா என்றால், இல்லை என்பதுதான் என் எண்ணம். ஜட்ஜ் தன் அறையில் மகனை உட்காரவைத்துப் பேசும் காட்சி அநேகமாக ஒவ்வொரு படத்திலும் உண்டு. அங்கே அவர் நாட்டைப் பற்றியா பேசுகிறார்? மகன் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னதைப் பற்றிப் பேசுகிறார். பையன் தானே வாயைத் திறக்கும்வரை அப்பா பொறுத்திருக்கிறார். எந்த அலுவலகமும் உத்தரவு போட்டு அந்தப் பொறுமையை எழுதவைக்க முடியாது.

அந்தப் படங்களில் பெட்ரோல் தட்டுப்பாடு அடிக்கடி வருகிறது. எண்ணெய் கொழிக்கும் நாட்டில் பெட்ரோலுக்கு ஏன் தட்டுப்பாடு?
— கடலூர் முதுநகர், ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர்

ஐயா, இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கான பதில் நம் வீட்டு வாசலில் வந்து முடிகிறது.

முதலில் அவர்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். 1942 டிசம்பர் 1 முதல் அமெரிக்கா முழுக்கப் பெட்ரோல் ரேஷன். கார் கண்ணாடியில் ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். 'ஏ' என்றால் சாதாரணக் குடும்பம், வாரத்துக்கு 3, 4 காலன்தான். வேகமும் மணிக்கு 35 மைலைத் தாண்டக்கூடாது. அதற்கு முன்பே அந்த வருடம் மே மாதம் சர்க்கரை ரேஷன் வந்துவிட்டது, நவம்பரில் காப்பி, அடுத்த பிப்ரவரியில் செருப்பு, ஷூ. பதினேழு வயதுப் பையனுக்குக் கார் என்பது என்ன? காதலியின் வீட்டு வாசல் வரை போகும் தைரியம் அது. டாங்க் காலியானால் அவன் கதையே நின்றுபோகும். அதனால்தான் அந்தக் காலத்து நகைச்சுவைகளில் பையன்கள் கூப்பனை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, பெட்ரோல் ஏராளமாக இருந்த நாடுதானே? கிழக்குக் கடற்கரைப் பக்கம் கப்பல் தட்டுப்பாட்டால் உண்மையிலேயே எண்ணெய் கஷ்டம் இருந்தது. ஆனால் நாடு முழுக்கக் கட்டுப்பாடு போட்டதன் நோக்கம் டயரைக் காப்பாற்றுவது. கார் ஓடாவிட்டால் டயர் தேயாது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தென்கிழக்கு ஆசியாவிலிருந்துதான். 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவையும் டச்சுக்காரர்களின் தீவுகளையும் பிடித்ததும் அது அப்படியே நின்றுபோயிற்று.

மலாயாவின் அந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர்கள் யார்? நம் ஆட்கள். தென்னாற்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கங்காணி பேச்சை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்கள். அவர்கள் அதைப் பால்மரம் என்பார்கள். விடியற்காலை இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையைச் சாய்வாகக் கீறிக் கீழே மங்கு வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் உறைந்து நின்றுவிடும். மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப் போய்த் திரும்பியவர். கையை நீட்டி, கத்தி எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று சிறுமியாக இருந்த எனக்குக் காற்றில் வரைந்து காட்டியிருக்கிறார். ஆழமாக வெட்டினால் மரம் பாழ், மேலாக வெட்டினால் கூலி பாழ் என்பார்.

ஜப்பான்காரன் வந்த பிறகு அந்தத் தோட்டத்து மக்களில் பெருங்கூட்டத்தைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். சுமார் 415 கிலோமீட்டர், காடும் மலையும். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அங்கேயே மடிந்தார்கள். பலருக்குக் கல்லறைகூட இல்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் தம்பியும் அப்படிப் போனவர்தான்.

ஆகவே அந்தப் படங்களில் ஒரு பையன் தேய்ந்த டயரைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது எனக்குச் சிரிப்பு வரும், கூடவே மனசு எங்கேயோ போகும். கதை எழுதியவர்களுக்கு அந்த டயரின் மறுமுனையில் இருந்தவர்களைத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பார்க்கலாம். முதுநகர் துறைமுகத்தில் வேலை பார்த்த உங்களுக்கு, ஒரு சரக்கு எங்கே கிளம்பி எங்கே இறங்குகிறது என்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர்க்காலப் படங்களில் பெண்பிள்ளைகள் கதாநாயகிகளாக வருவது உண்டா? இல்லை, எல்லாமே பையன் கதைதானா?
— மஞ்சக்குப்பம், பி.ஏ. மாணவி

உண்டு. எங்கள் ஊர்ப் பெண் கேட்கிறாள், அதற்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'ஜேனி' என்று 1944இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த படம். அதற்கு முன் அது நியூயார்க்கில் வெற்றிகரமாக ஓடிய நாடகம். ஜேனிக்குப் பள்ளி முடியும் வயது. அப்பா உள்ளூர்ப் பத்திரிகை நடத்துகிறவர். ஊர் ஓரத்தில் ராணுவ முகாம் வருகிறது. இளவட்டப் பட்டாளம் தன் மகள் இருக்கும் ஊருக்குள் நடமாடுவதை நினைத்தாலே அப்பாவுக்குத் தூக்கம் போகிறது. பெற்றோர் வெளியே போன ஒரு ராத்திரி, வீடு முழுக்கச் சிப்பாய்கள். ஒருவர் இருவர் என்று ஆரம்பித்து, சமையலறை, மாடிப்படி, வாசல் எல்லாம் காக்கி. இயக்கியவர் மைக்கேல் கர்டிஸ். இரண்டு வருடம் முன்புதான் அவர் 'காசாபிளாங்கா' எடுத்திருந்தார். ஒரே மனிதர் இரண்டையும் எடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

உன் வயதில் இருப்பவர்களுக்கு 'டீன் ஏஜர்' என்று ஒரு தனிப் பெயர் பரவலாகப் புழங்கத் தொடங்கியதும் அந்த வருடங்களில்தான். அதற்கு முன் குழந்தை, அப்புறம் நேரே பெரியவள். அப்பா போர்முனையிலோ தொழிற்சாலையிலோ, அண்ணன் பட்டாளத்தில், அம்மா வேலைக்கு. வீட்டில் இருந்த பெண்பிள்ளைகள் கையில் கொஞ்சம் பணம், கொஞ்சம் நேரம், சொந்தமாக முடிவெடுக்கும் சந்தர்ப்பம். 1944 செப்டம்பரில் அவர்களுக்கென்றே 'செவன்டீன்' என்ற பத்திரிகை தொடங்கியது. கணுக்கால் வரை குட்டைக் காலுறை போட்டுக்கொண்டதால் பாபி சாக்ஸர் என்று அவர்களைக் கூப்பிட்டார்கள்.

ஜேனியில் எனக்குப் பிடித்தது, அவள் யாரையும் கெஞ்சாதது. தனக்கு எது சரி என்று பட்டதோ அதைச் செய்துவிட்டு, மாட்டிக்கொண்டபோதும் நிமிர்ந்து நிற்கிறாள். என் மாணவிகளில் அப்படி நின்றவர்களை எனக்கு விரல்விட்டு எண்ணத் தெரியும். ஒவ்வொருத்தி முகமும் நினைவில் இருக்கிறது.

ஜட்ஜ் ஹார்டி போல ஒரு அப்பா நிஜத்தில் இருப்பாரா?
— உப்பளம் வாசகர்

என் அப்பா இருந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அறையும் மேசையும் இல்லை, சில்வர் பீச் மணல்தான் அவர் அறை. பேச வேண்டியது ஏதாவது இருந்தால் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துத் தேவனாம்பட்டினம் கூட்டிப் போவார். சுண்டல் தீரும்வரை அவர் ஒன்றும் கேட்க மாட்டார்.

மனைவி போனபிறகு இரண்டு பெண்களைத் தனியாக வளர்க்கிறேன். மூத்தவள் பிளஸ் டூ. நான் பார்க்கக்கூடிய படம் இவற்றில் ஏதாவது உண்டா?
— அரியாங்குப்பம், பேருந்து நடத்துநர்

உங்களுக்காகவே ஒரு படம் இருக்கிறது. 'தி மிராக்கிள் ஆஃப் மார்கன்ஸ் க்ரீக்'. ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கியது, 1944 ஜனவரியில் வந்தது. முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். அப்புறம் பெண்களோடு பார்ப்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

அதில் அப்பா ஊர்க் காவலர், மனைவியை இழந்தவர். இரண்டு பெண்கள். மூத்தவள் ட்ரூடி, இளையவள் எம்மிக்குப் பதினாலு வயது. போருக்குப் போகும் சிப்பாய்களுக்கு வழியனுப்பு விழா. அப்பா போகக்கூடாது என்கிறார், ட்ரூடி தெரியாமல் போகிறாள். தலையில் ஓர் அடி. மறுநாள் காலை வீடு திரும்புகிறபோது யாரோ ஒரு சிப்பாயை மணந்துகொண்டது மட்டும் லேசாக நினைவிருக்கிறது. பெயர் மறந்துவிட்டது, முகம் மறந்துவிட்டது. பிறகு தெரிகிறது, அவள் கர்ப்பம். அவளுக்காக எதையும் செய்யத் தயாராக இருப்பவன் நார்வல் என்ற பயந்தாங்கொள்ளிப் பையன். பதறினால் கண்ணில் புள்ளி புள்ளியாகத் தெரியும் அவனுக்கு, அதனால் பட்டாளத்தில் எடுக்கவில்லை. இந்தக் கதையை வைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிக்கவைக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை எவ்வளவு கறார் என்று தெரிந்தவர்கள், இது எப்படி வெளியே வந்தது என்று இன்றும் பேசுகிறார்கள்.

அப்பாவாக வில்லியம் டெமரெஸ்ட். நாள் முழுக்கக் கத்துகிறார், சின்ன மகளை உதைக்கக் காலைத் தூக்குகிறார், தானே மல்லாக்க விழுகிறார். ஒரு காட்சியில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே நார்வலிடம் கல்யாணப் பேச்சு எடுக்கிறார். அந்தப் பையன் முகத்தில் ரத்தம் வற்றுவது தெரியும். அதைப் பார்த்துச் சிரியுங்கள். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு அதே அப்பா என்ன செய்கிறார் என்று பாருங்கள். வேலை போகிறது. ஊரை விட்டு ஒதுங்கி, பெண்களோடு ஒரு பண்ணை வீட்டில் தங்குகிறார். கிறிஸ்துமஸ் நேரம், மாடு ஒன்று அடுப்படிக்குள் வந்து நிற்கிறது. மகளைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவ்வளவு கத்திய மனிதர், கத்த வேண்டிய நேரம் வந்தபோது மகள் பக்கத்தில் நிற்கிறார்.

முடிவைச் சொல்ல மாட்டேன். தலைப்பில் இருக்கும் அற்புதம் நடக்கிறது, அதைக் கேட்டு ஹிட்லரும் முசோலினியும் கலங்கிப் போகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

நம் தமிழ் சினிமாவில் இதற்கு ஈடாக அந்தக் காலத்தில் எதுவும் இல்லையா?
— திருப்பாதிரிப்புலியூர் வாசகி

'சபாபதி' இருக்கிறதே! ஏ.வி. மெய்யப்பன் எடுத்த படம், பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். 1941 டிசம்பர் 14இல் வெளியானது. ஜப்பான் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. டி.ஆர். ராமச்சந்திரன் எஜமான் சபாபதி, காளி என். ரத்னம் வேலைக்காரச் சபாபதி. சோடா உடைத்துக்கொண்டு வா என்றால் பாட்டிலையே உடைத்துக்கொண்டு வருகிற வேலைக்காரன். படிப்பு ஏறாத பிள்ளை, கோபக்கார அப்பா, வகுப்பில் பாடாய்ப்படும் தமிழ் வாத்தியார். வாத்தியாராக வரும் கே. சாரங்கபாணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கும், நானும் அந்தப் பக்கம் நின்றவள் என்பதால்.

அதன் பிறகு அந்த வழியில் நிறைய வந்திருக்கலாம். போர் வந்து கெடுத்தது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் சென்னையே மூட்டை கட்டிக் கிளம்பியது. கச்சா பிலிம் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு. அதாவது சுமார் இரண்டு மணி நேரம். நாலு மணி நேரம் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்த நம் படங்களுக்கு அது எவ்வளவு பெரிய வெட்டு என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் படங்கள் காட்டும் அழகான சின்ன ஊர் பாதி உண்மைதானே? கறுப்பின மக்கள் எங்கே? ஜப்பானிய அமெரிக்கர்கள் எங்கே?
— காலாப்பட்டு, வரலாறு ஆராய்ச்சி மாணவி

பாதிகூட இல்லை, நீங்கள் கேட்டது நியாயம். மேலே சொன்ன 'ஜேனி'யில் வீட்டு வேலைக்காரியாக வருபவர் ஹாட்டி மெக்டானியல். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அவ்வளவு பெரிய நடிகைக்கு நாலு வருடம் கழித்தும் கிடைத்தது அடுப்படி வாசல்தான். அந்தக் காட்சிகளில் நான் அவர் முகத்தை மட்டும் பார்ப்பேன். மற்றவர்கள் ஒரு பக்கம் வசனம் பேசி முடிப்பதை அவர் ஒரு பார்வையில் முடித்துவிடுவார்.

ஜப்பானிய அமெரிக்கர்கள் படத்தில் இல்லை, ஏனென்றால் அவர்கள் ஊரிலேயே இல்லை. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவின் பேரில், மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 பேரை வீட்டை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் சான்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. குதிரை லாயங்களில் அந்தக் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். ஸ்டுடியோவில் ஜட்ஜ் ஹார்டி நியாயம் பேசிக்கொண்டிருந்த அதே மாதங்களில், கொஞ்ச தூரத்தில், ஆண்டி வயதுப் பையன்கள் லாயத்தில் வைக்கோல் மெத்தையில் படுத்திருந்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சில நாள் எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு மறுபடி பார்த்தேன். இப்போது பார்க்கும்போது அந்தத் தெருவில் யார் வீடு பூட்டியிருக்கிறது என்ற நினைவு கூடவே வருகிறது. வரட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஆண்டி ஹார்டி கடைசியில் போருக்குப் போனானா? திரும்பி வந்தானா?
— முத்தியால்பேட்டை மணிக்கூண்டு அருகிலிருந்து ஒரு பாட்டி, பேத்தி கையால் எழுதியது

பாட்டி, இதே கேள்வியை எங்கள் அத்தையும் கேட்டார்.

1940 செப்டம்பரில் நம் புதுச்சேரி, ஹிட்லருக்குப் பணிந்த பிரான்சை விட்டு, பணியாமல் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெகோல் பக்கம் சேர்ந்தது உங்களுக்கே நினைவிருக்கும். அத்தையின் அண்ணன் அப்புறம் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாகப் போனார். அத்தைக்கு அப்போது பதினோரு வயது. ஆப்பிரிக்காப் பக்கம் எங்கோ இருக்கிறார் என்பதற்கு மேல் வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. நாலு மாதத்துக்கு ஒரு கடிதம், அதுவும் பாதி வரி கறுப்பு மையால் அடித்து. பர்மா விழுந்ததிலிருந்து அரிசி வரத்து நின்று, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, ராத்திரி ஒரே ஒரு விளக்கு. அதன் கீழ் அத்தையின் அம்மா அந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடித்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பாராம். தபால்காரர் வந்தால் ஓடி வருவார்களாம். தந்திக்காரர் வந்தால் தெருவே கதவைச் சாத்தும்.

அந்த வீட்டில் ஒரு ரேடியோ பையன் இருந்திருந்தால் என்று, கனடா காட்சி ஓடிய அந்த ராத்திரி அத்தை என்னிடம் சொன்னார்.

இப்போது ஆண்டிக்கு வருகிறேன். மிக்கி ரூனி 1944இல் நிஜமாகவே ராணுவத்தில் சேர்ந்து, ஐரோப்பாவில் முகாம் முகாமாகப் போய்ச் சிப்பாய்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து 1946இல் நடித்ததுதான் 'லவ் லாஃப்ஸ் அட் ஆண்டி ஹார்டி'. படத்திலும் ஆண்டி ராணுவத்திலிருந்து வீடு திரும்புகிறான். டி.என்.டி.யில் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. பல வருடம் கழித்து, கார்ட்டூனுக்காக அழுத அதே மகன் இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்தான். அதற்கு இப்போது உரிமைக் கட்டுப்பாடு இல்லை, உங்கள் பேத்தியும் தேடினால் இலவசமாகவே கிடைக்கும்.

அத்தைக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். லேப்டாப்பை அவர் கட்டில் மேல் வைத்தேன். ஆண்டி கார்வெல் வீட்டுக்குள் நுழைந்ததும், "வந்துட்டானா?" என்று சத்தமாகக் கேட்டார். வந்துட்டான் அத்தை என்றேன். அத்தையின் அண்ணனும் 1946இல்தான் கப்பலிலிருந்து இறங்கினாராம், கையில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் தங்கைக்கு ஒரு நீல நிறக் குடை. அப்புறம் படத்தில் ஒரு நடனக் காட்சி வருகிறது. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு பெண்ணோடு நம் குட்டை ஆண்டி ஆட வேண்டும், அவன் தலை அவள் தோளுக்குக்கூட எட்டவில்லை. அத்தை சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார்.